மொட்டைத் தலையும் முழங்கால் காதும்

பழைய ஜோக் ஒன்று. நரைத்துப் பல் விழுந்த ஜோக். விஞ்ஞானி ஒருவர் மேஜை மேல் வெட்டுக்கிளியை வைத்து, 'குதி!' என்றார். குதித்தது. ஒரு காலை எடுத்துவிட்டு, 'குதி!' என்றார். சிரமப்பட்டுக் குதித்தது. இப்படியே ஆறு காலையும் எடுத்துவிட்டு, 'குதி!' என்றார். அசையவில்லை. தொண்டை கிழியக் கத்தினார். ம்ஹூம். உடனே நோட்டை எடுத்து எழுதினார்: 'கால்களை எடுத்துவிட்டால் வெட்டுக்கிளிக்குக் காது கேட்பதில்லை.'

சிரித்து முடித்துவிட்டீர்களா? இப்போது ஒன்று சொல்கிறேன். அந்த மனுஷர் எழுதியது சரி.

எல்லா வெட்டுக்கிளிக்கும் அல்ல. வயல் வரப்பில் தத்தித் திரியும் குட்டை மீசைக்காரர்களுக்குக் காது வயிற்றின் பக்கவாட்டில் இருக்கிறது. நான் சொல்வது இன்னொரு குடும்பம். இலையைப் போலவே பச்சையாக, உடம்பைவிட நீளமான மீசையோடு, மழைக்கால ராத்திரியில் ட்யூப்லைட்டைத் தேடி வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுமே, அது. நம் ஊரில் இதற்கும் வெட்டுக்கிளி என்றே பெயர். அமெரிக்காவில் 'கேட்டிடிட்' என்கிறார்கள். அங்கே ஓர் இனம் ராத்திரி முழுக்க, 'கேட்டி டிட்... கேட்டி டிடின்ட்...' என்று கத்துவதாக அவர்கள் காதில் விழுகிறதாம். அதாவது, கேட்டி செய்தாள், கேட்டி செய்யவில்லை. அந்தக் கேட்டி என்ன செய்தாள் என்பது இன்றுவரை தீரவில்லை. வாய்தா மேல் வாய்தா வாங்கும் கேஸ்.

இந்தக் கேட்டிடிட்டின் தலையில் காது கிடையாது. முன்னங்கால் இரண்டிலும், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். இயற்கை போட்டுவிட்டது.

ஏன் காலில்? நான் பி.காம். எனக்கு எதையும் முதலீடு, வரவு, செலவு என்றுதான் பார்க்க வரும். கிளை லேசாக ஆடினால்கூடத் தெரிந்துகொள்ளும் நரம்புகள் பூச்சிகளின் காலில் ஆதியிலிருந்தே உண்டு. அந்தப் பழைய கடையை விஸ்தரித்துத்தான் காது கட்டப்பட்டிருக்கிறது. புது இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டியதில்லை. கூடவே ஒரு போனஸ். தலையின் அகலம் சில மில்லிமீட்டர்தான். முன்னங்கால்களை அகட்டி வைத்தால் இரண்டு காதுக்கும் நடுவில் அதைவிட அதிக இடைவெளி கிடைக்கும். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அந்த இடைவெளி முக்கியம்.

*

சரி, அப்படி என்னதான் கேட்கிறது?

நமக்குக் கேட்பது விநாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை. அதாவது 20 கிலோஹெர்ட்ஸ். அதுவும் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது. என்னைப் போல முப்பதைத் தாண்டியவர்களுக்கு மேல்மாடியில் சில அறைகள் ஏற்கெனவே காலி. 20-க்கு மேலே இருப்பதெல்லாம் அல்ட்ராஸானிக். கேட்டிடிட் குடும்பத்தில் ஏராளமான இனங்களுக்குக் கச்சேரி அங்கேதான். நாம் ஜன்னலைத் திறந்து வைத்து, 'ஆஹா, என்ன நிசப்தம்!' என்று கொட்டாவி விடும்போது, வெளியே காது கிழிகிற மாதிரி பாடிக்கொண்டிருக்கக்கூடும்.

பாட்டு வாயால் அல்ல, சிறகால். இடது சிறகு மேலே, வலது சிறகு கீழே. இடதின் அடியில் வரிசையாக நுண்ணிய பற்கள். வலதின் ஓரத்தில் ஒரு சுரண்டி. சீப்பின் பல்லில் நகத்தை ஓட்டுவோமே, அந்த வித்தைதான். கொலம்பியா, ஈக்வடார் மழைக்காடுகளில் 'சூப்பர்சோனஸ்' என்று பெயர் வைத்து 2014-ல் அறிவித்த கேட்டிடிட்களில் ஒன்று 150 கிலோஹெர்ட்ஸில் பாடுகிறது. நமக்குக் கேட்கும் உச்சத்தைப் போல ஏழரை மடங்கு.

ஏழரை என்றதும் சனி ஞாபகம் வருகிறதா? பொறுங்கள். அவரும் வரப்போகிறார்.

பூச்சி நிஜமாகவே காதால் கேட்டுத்தான் வருகிறதா என்று ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. 1913-ல் யோஹான் ரேகன் என்பவர் இதை அழகாகத் தீர்த்தார். கேட்டிடிட்டின் ஒன்றுவிட்ட உறவான சில்வண்டில் ஓர் ஆணை எடுத்து டெலிபோன் பக்கத்தில் பாட விட்டார். இன்னோர் இடத்தில் ரிசீவரை வைத்துப் பெண் சில்வண்டை விட்டார். அது நேராக ரிசீவரை நோக்கி நடந்து போனது. அங்கே பார்க்க ஆளில்லை, மோப்பம் பிடிக்க வாசனையில்லை. குரல் மட்டும்தான். ராங் நம்பர் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை, பாவம்.

அல்ட்ராஸானிக் சமாசாரம் அதற்கும் பிறகு. ஹார்வர்டில் ஜி.டபிள்யூ.பியர்ஸ் என்ற இயற்பியல் பேராசிரியர், பூச்சிகளின் உச்சஸ்தாயி ஒலிகளைப் பிடிக்க ஒரு கருவி வைத்திருந்தார். 1938-ல் டொனால்ட் கிரிஃபின் என்ற மாணவர், 'ஸார், இதை வைத்துப் பார்க்கலாமா?' என்கிற தோரணையில் கூண்டில் வௌவால்களைக் கொண்டுவந்தார். அவ்வளவுதான். சத்தமே போடாது என்று உலகம் நினைத்திருந்த வௌவால், கருவியில் கூச்சல் போட்டது. பூச்சிக்காக வைத்திருந்த மெஷினில் முதலில் மாட்டிய பெரிய புள்ளி, பூச்சியைத் தின்கிற ஆசாமி.

சனி பகவான் வந்துவிட்டார் பாருங்கள். வௌவாலும் அல்ட்ராஸானிக்கில்தான் கூவி, எதிரொலியைக் கேட்டு இரை தேடுகிறது. ஆக, கேட்டிடிட்டுக்கு ஒரே வானொலியில் இரண்டு நிலையங்கள். ஒன்றில் காதல் பாட்டு. இன்னொன்றில் மரண அறிவிப்பு. எதைத் தவறவிட்டாலும் வம்சம் மிஞ்சாது.

*

இப்போது காதுக்குள் போகலாம். ஷட்டர் சின்னது, குனிந்து வாருங்கள்.

காது என்று ஒன்று கட்ட நினைக்கும் எவருக்கும் முதல் தலைவலி இதுதான்: சத்தம் காற்றில் வருகிறது, அதை உணரும் செல்கள் திரவத்தில் இருக்கின்றன. காற்றிலிருந்து தண்ணீருக்குச் சத்தம் நேராக இறங்காது. ஆயிரம் ரூபாய் மணியார்டர் அனுப்பினால் ஒரு ரூபாய்தான் போய்ச் சேரும். மீதி 999 திரும்பி வந்துவிடும். நான் மிகைப்படுத்தவில்லை, கணக்கே அதுதான்.

நம் காது இதை எப்படிச் சமாளிக்கிறது? செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள். பெரிய செவிப்பறையில் விழும் அழுத்தத்தை, அதைவிடச் சுமார் 17 மடங்கு சின்னதான ஜன்னலில் குவித்துத் தள்ளுகின்றன. ஊசியின் தலையில் அழுத்தினால் முனை குத்துகிற மாதிரி. ஜன்னலுக்கு அப்பால் நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட குழாய், உள்ளே திரவம். அதில் அலை ஓடும். உச்சஸ்தாயி வாசலருகே உச்சம் கொள்ளும். கீழ்ஸ்தாயி உள்ளே தூரத்தில் போய் உச்சம் கொள்ளும். எந்த இடம் அதிர்கிறதோ அதுதான் ஸ்வரம். இதைக் கண்டுபிடித்த பெக்கெஸி 1961-ல் நோபல் பரிசு வாங்கினார். அவருடைய ஆராய்ச்சி ஆரம்பித்த இடம், ஹங்கேரியில் டெலிபோன் இலாகா. காது விஷயத்தில் டெலிபோன்காரர்களை விடவே முடியாது போலிருக்கிறது.

இந்த ஏற்பாடு பாலூட்டிகளின் தனிச்சொத்து என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2012-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஃபெர்னாண்டோ மான்டேலெக்ரே, டேனியல் ராபர்ட் ஆகியோரின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. கோபிஃபோரா கோர்கோனென்சிஸ் என்ற கேட்டிடிட்டின் காலை எக்ஸ்-ரேயால் துருவி, செவிப்பறையின் நடுக்கத்தை லேசரால் அளந்து பார்த்திருந்தார்கள். (இதற்கு நெற்றியில் ஒரு கொம்பு உண்டு. மொட்டை என்று நான் சொன்னது காது விஷயத்தில் மட்டும்.)

அங்கே என்ன இருந்தது? ஒவ்வொரு காலிலும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்றாக இரண்டு செவிப்பறைகள். செவிப்பறையை ஒட்டி ஒரு கெட்டித் தகடு. பறை ஒரு பக்கம் அசைந்தால் தகடு மறுபக்கம் சாய்கிறது. ஏற்றமரம் மாதிரி. நமக்கு மூன்று எலும்பு செய்யும் வேலையை இங்கே ஒரே தகடு செய்கிறது. அதற்கப்பால் திரவம் நிறைந்த ஒரு பை. அதற்குள் வரிசையாக உணர்வு செல்கள். அதன் மேல் அலை ஓடுகிறது. உச்சஸ்தாயி ஒரு முனையில், கீழ்ஸ்தாயி மறு முனையில். நம் காதில் இந்த வேலைக்குச் சுமார் 15,000 செல்கள். அதற்கோ சில டஜன். இடம் மொத்தமும் ஒரு மில்லிமீட்டருக்குள்.

இரண்டு கம்பெனிகள். ஒன்றின் ப்ளூபிரின்ட்டை இன்னொன்று பார்த்ததே கிடையாது. முதலீடு வேறு, மூலப்பொருள் வேறு. ஆனால் கடைசியில் ஒரே டிசைன். பிரச்னை ஒன்றாக இருந்தால் விடையும் ஒன்றாக வந்து நிற்கும் போலிருக்கிறது.

இந்த இடத்தை நான் எழுதிக்கொண்டிருந்தபோது வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, காலைலேர்ந்து கேஸ் புக் பண்ணுங்கன்னு நாலு தடவை சொல்லிட்டேன். அது காதுல விழலை. வெட்டுக்கிளியோட காதுக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் தெரியுது."

உச்சஸ்தாயியில்தான் சொன்னாள். புக் பண்ணிவிட்டு வந்தேன்.

*

விட்ட இடம் திரவப் பை. அதோடு முடியவில்லை. இனிதான் எனக்குப் பிடித்த விஷயம்.

நம் செவிப்பறைக்குச் சத்தம் வெளியிலிருந்து மட்டும்தான் வந்து மோதும். கேட்டிடிட்டுக்கு உள்ளேயிருந்தும் வரும். நெஞ்சின் பக்கவாட்டில் ஒரு துவாரம். பூச்சிகள் மூச்சு விடும் துவாரங்களில் ஒன்று காதுக்காக வேஷம் மாறியது. அங்கிருந்து ஒரு காற்றுக்குழாய் காலுக்குள் இறங்கி முழங்காலைத் தாண்டிச் செவிப்பறையின் பின்பக்கத்துக்குப் போகிறது. நெஞ்சில் அகலமாக ஆரம்பித்து, போகப் போகக் குறுகுகிறது. நாகஸ்வரத்தைத் திருப்பிப் பிடித்து, அணைசு வழியாகச் சத்தத்தை வாங்குகிற மாதிரி. குறுகக் குறுகச் சத்தம் வலுக்கிறது. அதே சமயம், குறுகிய குழாயில் சத்தத்தின் வேகம் குறைகிறது. ஆகவே ஒரே கூவல் செவிப்பறையின் முன்பக்கத்தில் முதலில் தட்டுகிறது. பின்பக்கத்தில் ஒரு நொடித் துணுக்கு தாமதமாகத் தட்டுகிறது. அந்தத் தாமதத்தை வைத்தே அவன் இருப்பது இடதா வலதா என்று அவள் திரும்பிவிடுகிறாள்.

கோபிஃபோராவின் ஆண் பாடுவது 23 கிலோஹெர்ட்ஸில். குழாய் வலுவூட்டுவதும் அந்தப் பக்கத்தைத்தான். இது காதல் கணக்கு.

எமன் கணக்கு வெளியே இருக்கிறது. செவிப்பறைகள் திறந்தவெளியில் இல்லை. தோல் மடிந்து அவற்றை மூடி, கீறல் போல ஒரு சின்ன வாய் மட்டும் விட்டிருக்கிறது. நம் காது மடல் மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இது எதற்கு என்று ரொம்ப நாள் தெரியவில்லை. திசை அறிய என்று ஓர் ஊகம் இருந்தது. 2022-ல் இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகக் குழு, இந்தக் காதைப் பெரிதாக்கி முப்பரிமாண மாடல் அச்சடித்தும், கம்ப்யூட்டரில் ஓட்டியும், உயிருள்ள பூச்சியில் அளந்தும் பார்த்தது. 23-ல் பாடும் காதலனின் திசையை அறிய இந்த மடிப்புகளால் உபயோகம் இல்லை. ஆனால் 60 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போனால், உள்ளே ஒலியின் அழுத்தம் 20 முதல் 30 டெஸிபல் உயர்கிறது. டெஸிபல் குழப்பும். சுமாராகப் பத்து மடங்கிலிருந்து முப்பது மடங்கு. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் மட்டும் 'பூம்' என்று வருமே, அந்தக் கதைதான். பாட்டில் குட்டி என்பதால் ஸ்வரம் வானத்தில்.

60-க்கு மேலே கூவுவது யார்? அதே காட்டில் இலைமேல் உட்கார்ந்திருக்கும் பூச்சியைக் கொத்திக்கொண்டு போகும் வௌவால்கள். இவை கிசுகிசுப்பாகக் கூவும் ரகம். அந்தக் கிசுகிசுப்பை முப்பது மடங்கு பெரிதாக்கிக் கேட்டால், ஓர் இறகடி முன்னால் தெரிந்துவிடும். பிழைக்க அது போதும்.

அந்தக் காடு எங்கே என்று சொல்லவில்லையே. கொலம்பியாவுக்கு மேற்கே பசிபிக்கில் கோர்கோனா என்று ஒரு தீவு. பாம்பு அதிகம் என்பதால் கிரேக்கப் புராணத்தின் பாம்புக்கூந்தல் ராட்சசி பெயர். 1980-கள் வரை அங்கே சிறைச்சாலை இருந்தது. இப்போது தேசியப் பூங்கா. கைதிகள் இருட்டியதும் வெளியே என்ன கேட்டார்களோ தெரியாது. பக்கத்து இலையில் நடந்த சம்பாஷணையை நிச்சயம் கேட்டிருக்க முடியாது.

*

இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது? சீனாவில் உள் மங்கோலியாவில் கிடைத்த ஒரு கல்லில் சுமார் 16.5 கோடி வருஷப் பழைய கேட்டிடிட் உறவு ஒன்றின் சிறகு பதிந்திருக்கிறது. சிறகின் பல்வரிசையை அளந்து, அது 6.4 கிலோஹெர்ட்ஸில் பாடியிருக்கும் என்று 2012-ல் கணக்கிட்டார்கள். நாம் அங்கே இருந்தால் நமக்கே கேட்டிருக்கும். அப்போது வௌவால் என்ற ஜீவன் உலகத்தில் கிடையாது. வௌவாலின் புதைபடிவங்கள் கிடைப்பதே சுமார் ஐந்து கோடி வருஷத்திலிருந்துதான். நாலு கோடி வருஷத்துக்கு மேற்பட்ட இன்னொரு கேட்டிடிட், பால்டிக் ஆம்பரில் பொதிந்து கிடைத்தது. அது பாடியது 32 கிலோஹெர்ட்ஸில் என்றும், அதன் காதுக்குத் தன் இனத்தின் பாட்டோடு வௌவாலின் கூவலும் கேட்டிருக்கும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். சீனக் கல்லுக்கும் பால்டிக் ஆம்பருக்கும் நடுவே உலகத்தில் எமன் சிறகு முளைத்து வந்துவிட்டான்.

எமன் வந்தபின் பாடகர்களும் புத்திசாலிகளாகிவிட்டார்கள். பனாமாவில் பாரோ கொலராடோ தீவுக் காட்டில் பெல்வுட், மாரிஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1987-ல் எழுதினார்கள்: அங்கே வௌவால்கள் கேட்டிடிட்டின் பாட்டைக் கேட்டே தேடி வருகின்றன, அதனால் பல காட்டு இனங்கள் பாட்டை மிகவும் சுருக்கிக்கொண்டு, செடியை உலுக்கிச் சேதி அனுப்புகின்றன. காற்றில் பேசினால் ஒட்டுக்கேட்பான். கிளை வழியாகத் தந்தி அடித்தால் கேட்காது.

நம் பக்கத்துச் சேதியும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓனோமார்க்கஸ் யுனிநோட்டேட்டஸ் என்ற பெரிய கேட்டிடிட், குடும்ப வழக்கத்துக்கு மாறாக 3.2 கிலோஹெர்ட்ஸில் பாடுகிறது. சாதாரணமாக நம் காதுக்கே கேட்கும். அதன் காதை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணன் குழுவினர் மற்றவர்களுடன் சேர்ந்து அளந்து 2013-ல் எழுதினார்கள். முன்பக்கச் செவிப்பறை 3.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வருவதை மட்டுப்படுத்திவிடுகிறது. அதற்கு மேற்பட்டதெல்லாம் பின்பக்கச் செவிப்பறையின் பொறுப்பு. ஒரே ஆபீஸ், இரண்டு கவுன்ட்டர். 'சொந்த விஷயம் இங்கே, மற்ற விசாரணை அடுத்த ஜன்னலில்.'

தவளை தன் வாயால் கெடும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் பாடும் ஆண்தான் அதிகம் சாக வேண்டும். வாயே திறக்காத பெண் பத்திரமாக இருக்க வேண்டும். அதையும் இதே கழகத்தார் சோதித்தார்கள். மெகாடெர்மா ஸ்பாஸ்மா என்ற வௌவால், பூச்சியைத் தொங்குமிடத்துக்குக் கொண்டுவந்து தின்றுவிட்டுச் சிறகைக் கீழே போட்டுவிடும். அந்தக் குப்பையைப் பொறுக்கி எண்ணினால் பெண்கள்தான் மிக அதிகம். ஸ்பீக்கரில் ஆணின் பாட்டைப் போட்டால் மூன்றில் ஒரு தடவைதான் வௌவால் எட்டிப் பார்த்தது. நூலில் கட்டிப் பறக்கவிட்ட கேட்டிடிட்டை ஒரு தடவைகூட விட்டுவைக்கவில்லை. இது 2015-ல் வெளியானது.

ஆக, பாடியவன் அநேகமாகப் பிழைத்தான். அவன் பாட்டைக் கேட்டு, ஒரு சத்தமும் இல்லாமல் இருட்டில் கிளம்பிப் போனவள்தான் மாட்டினாள். முழங்காலுக்குக் கீழே இத்தனை நுணுக்கமான ஒரு காதை எதற்காகச் சுமக்கிறாள் என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது. அவளுக்கு அது அலங்காரமில்லை. 'வா' என்பதையும் 'ஓடு' என்பதையும் ஒரே இருட்டில் கேட்டுக்கொண்டு போக வேண்டியவள் அவள்தான்.

இதை வீட்டம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னாள்:

"பேசினாதான் ஆபத்து, பேசாம இருந்தா ஒண்ணும் ஆகாதுங்கறது பொய்னு இருட்டுல போற பொம்பளைக்குத் தெரியாதா? இதுக்குப் போய் வௌவால் குப்பையைப் பொறுக்கணுமா? எங்க ஒருத்தியைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்போமே!"